கோட்டைகளோடு பியாவரையும் சேர்த்திருக்கலாம்

ராஜஸ்தான் அரசியலைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. 1993 முதல் பாஜகவும் காங்கிரசும் மாறி மாறி ஆள்வது, அரச குடும்பங்களின் செல்வாக்கு, ஜெய்சால்மர் கோட்டை என எல்லாம் வந்துவிட்டது. ஆனால் தகவல் உரிமைக்கான போராட்டம் நடந்த பியாவர் என்ற ஊர் விட்டுப்போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

1990-இல் ராஜஸ்தானின் தேவ்டூங்ரி கிராமத்தில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் உழைப்பாளிகளோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். (அருணா ராய் சென்னையில் பிறந்தவர், ஐஏஎஸ் வேலையை விட்டு ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போனவர்.) பஞ்ச காலத்தில் அரசு கொடுத்த வேலைகளில் மண் வெட்டியவர்களுக்கு முழுக்கூலி கிடைக்கவில்லை. கேட்டால், யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி என்று எழுதும் மஸ்டர் ரோலைக் காட்ட முடியாது என்றார்கள் அதிகாரிகள். அப்புறம் சங்கதன்காரர்கள் எப்படியோ நகல் வாங்கி, 1994-இல் கோட் கிரானா கிராமத்தில் ஊர் கூடிய இடத்தில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். செய்யாத வேலைக்குக் கணக்கு, வராத ஆளுக்குக் கூலி எல்லாம் அம்பலமாயிற்று.

1996-இல் பியாவரின் சாங் கேட் அருகே 40 நாள் தர்ணா. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதுதான் முழக்கம். கடைக்காரர்களும் காய்கறி விற்பவர்களும் தானியமும் காய்கறியும் கொடுத்துத் தாங்கினார்கள். இப்படிப்பட்ட போராட்டங்களின் பலனாக ராஜஸ்தானில் 2000-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது, நாடு முழுமைக்கும் 2005-இல். இன்று நம் ஊர் ஊராட்சிச் சாலைக்கு ஆன செலவைப் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டுக் கேட்கிறோமே, அதற்கு அந்தக் கூலிக்காரர்கள்தான் காரணம். அடுத்த பகுதியில் இவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.