எட்டும் எய்ட்டும்

நேற்று இங்கே சுற்றிய ஒரு படத்தின் கீழே நான் எழுதிய ஒரு வரிக்கு வந்த ஏச்சுகளைப் பார்த்திருப்பீர்கள். தமிழ் 'எட்டு'தான் ஆங்கில 'எய்ட்' (eight) ஆனது என்றது அந்தப் படம். இல்லை என்றேன். உடனே தமிழ்த் துரோகி ஆகிவிட்டேன்.

மறுபடியும் சொல்கிறேன், ஓசை ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. எய்ட் பழைய ஆங்கிலத்தில் 'எஅஹ்தா'. ஜெர்மனில் இன்றும் 'அஹ்ட்'. லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. நம் எட்டுக்கோ வேர் 'எண்'. எண்பது, எண்ணூறு, எண்திசை என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்த ணகரம் நாக்கில் நிற்கும். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. தாயும் பிள்ளையும் என்றால் நெருங்க வேண்டாமா?

'வெள்ளைக்காரன் அகராதியை நம்புகிறாயே' என்கிறார் ஒரு தம்பி. அந்த அகராதிகள்தான் 'ஜிஞ்சர்' நம்முடையது என்றும் சொல்கின்றன, தம்பி.

மாணவனாக இருந்தபோது நூலகத்தில் அந்தச் சொல்லின் கீழ் விரல் வைத்துப் படித்த மாலை இன்னும் நினைவிருக்கிறது. லத்தீனில் 'ஜிஞ்சிபெரி', கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', பாலியில் 'சிங்கிவேர', அதற்கும் பின்னால் திராவிடம். இஞ்சி, வேர்! இஞ்சிக்கு முன்னால் பழங்காலத்தில் ஒரு சகரம் இருந்து தேய்ந்தது என்பது அறிஞர்கள் கருத்து. சமஸ்கிருதத்தில் அதையே 'சிருங்கவேர' ஆக்கி, கொம்பு போன்ற உடல் என்று பொருள் சொல்லிக்கொண்டார்கள். இந்த ஒரு சொல்லுக்காகவே ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேயர் 1952இல் ஒரு நூல் எழுதினார். படித்து முடித்தபோது மெய் சிலிர்த்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தவித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

'பெருமைக்காகச் சொல்வதில் என்ன கெடுதல்' என்பவர்களுக்கு: கெடுதல் இருக்கிறது. எய்ட்டையும் இஞ்சியையும் ஒரே மூச்சில் சொன்னால், எய்ட் பொய் என்று தெரிந்தவன் இஞ்சியையும் நம்பமாட்டான். ஆங்கிலத்தில் கட்டுமரம் 'கட்டமரான்' ஆனதையும், சுருட்டு 'செரூட்' ஆனதையும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனதையும் சேர்த்தே தள்ளிவிடுவான். சான்றோடு இருப்பவற்றைச் சான்றில்லாததோடு கலந்து கெடுப்பது நானா?

உலக மொழிகளுக்கெல்லாம் தாய் என்று நிரூபித்தால்தான் தமிழை நேசிக்க முடியுமா? என்னால் அப்படியே நேசிக்க முடிகிறது. இத்தனை வருடம் இதே பக்கத்தில் சொல் சொல்லாக எழுதியவனைப் பார்த்து, ஒரு வரிக்காகத் துரோகி என்று எழுத எப்படிக் கை வந்தது?

அந்தப் பின்னூட்டத்தை நான் அழிக்கவில்லை. எண்பதில் ணகரம் எங்கிருந்து வந்தது என்று அதற்குக் கீழேயே கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.