தண்ணி வந்துட்டாம்

மேட்டூர் திறந்த ஜூன் மாதத்தில் "ஆத்துல தண்ணி வந்துட்டு" என்றால் கடைமடைக்காரர் மண்வெட்டியைத் தேடுவார். ஐப்பசி அடைமழையில் கொள்ளிடக்கரையில் அதையே சொன்னால் நெல்மூட்டையைப் பரணில் ஏற்றுவார்கள். இப்படிக் கேட்பவர் மனதில் எழுவது உணர்வுநிலை. சொல்பவர் விஷயத்தை எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்பது தொனி. "தண்ணி வந்துட்டாம்" என்றால் இன்னும் நம்பவில்லை. "தண்ணியும் வந்துட்டு" என்றால் விதை, உழவு எல்லாம் தயார், இனி சாக்கில்லை. "தண்ணிதான் வந்துட்டே" என்றால் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறாய் என்ற அதட்டல். (இங்கே 'வந்துட்டு' என்றால் 'வந்துவிட்டது'. வெளியூர் வாசகர் அதை வினையெச்சமாக எண்ணி, "வந்துவிட்டு, அப்புறம்?" என்று காத்திருப்பது தனிக் கூத்து.)

மாணவர் விடைத்தாள்களில் உணர்வுநிலையும் தொனியும் ஒன்றாகிவிடுகின்றன. "சோகத் தொனியில் அமைந்துள்ளது" என்று எழுதுகிறார்கள். எந்தச் சொல்லில் என்று கேட்டால் பதில் இல்லை. சாவு வருகிறது, அதனால் சோகம். ஒப்பாரியைக் காதுகொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பாதி செத்தவரோடு போடும் சண்டை.

நகை, அழுகை என்று எட்டு மெய்ப்பாட்டையும், அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சிகளையும், ஒப்பிப்பதால் தொனி பிடிபடாது. தொல்காப்பியத்தில் முதலில் இடைச்சொற்களைப் பற்றிய இடையியலைப் படிக்கவேண்டும் என்பேன். 'உம்' ஒன்றுக்கே அங்கே எட்டுப் பொருள். 'ஓ'வுக்கு ஆறு, 'ஏ'வுக்கு ஐந்து. தமிழில் தொனி பெரும்பாலும் இந்தக் குட்டிச் சொற்களில்தான் குடியிருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் பூம்புகார்க் கடற்கரையில் நடக்கும் கானல்வரிப் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதவி மனம் மகிழத்தான் கோவலன் யாழ் வாசிக்கத் தொடங்குகிறான். இளங்கோவே அதைச் சொல்லிவிடுகிறார். ஆனால் பாட்டில் வருவது "கங்கை தன்னைப் புணர்ந்தாலும் புலவாய் வாழி காவேரி". 'புணர்ந்தாலும்' என்பதில் ஒட்டியிருக்கிறதே ஓர் 'உம்', அதுதான் முள். கணவனான சோழன் வேறொருத்தியிடம் போனாலும் ஊடாத காவிரியைப் புகழ்ந்தால், பக்கத்தில் இருப்பவளுக்கு எப்படிக் கேட்கும்? அவளும் காவிரியையே பாடுகிறாள்: நீ நடந்ததெல்லாம் உன் கணவன் செங்கோல் வளையாததால். பதிலடி!

அவள் யாழ் வாங்குமிடத்தில் இரண்டு 'போல்' வருகின்றன: "கலவியால் மகிழ்ந்தாள்போல்", "தானும் ஓர் குறிப்பினள்போல்". மகிழ்ச்சியும் நடிப்பு, மனதில் வேறொருவன் இருப்பதும் நடிப்பு. அந்தப் 'போல்' நம் காதில் விழுகிறது, கோவலன் காதில் விழவில்லை. மாயத்தாள் என்று எழுந்து போய்விடுகிறான்.

பயிற்சிக்குப் பென்சில் போதும். ஒரு பக்கம் எடுத்து ஏ, ஓ, உம், தான், ஆம், போல் எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றாக நீக்கி வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் தப்பிவிடும். நீக்கியும் ஒன்றும் மாறவில்லையென்றால் அது பொருளில்லாமல் நிரப்ப வந்த வெறும் அசை, விடுங்கள். மாறினால், சொல்பவரின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஓரத்தில் ஒரே சொல்லில் குறியுங்கள். 'சோகம்', 'மகிழ்ச்சி' இரண்டுக்கும் தடை. குத்தல், சலிப்பு, பூசிமெழுகல், சவால் என்று ஏதாவது எழுதுங்கள். உங்களுக்கு என்ன தோன்றியது என்பதை அதற்கப்புறம் எழுதலாம்.

தொடங்குவதற்குக் கானல்வரி முடியுமிடமே நல்லது. "காதலனுடன் அன்றியே மாதவி தன் மனை புக்காள்." அந்த 'ஏ'யை எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.