78 தட்டுக்கு ஸ்பிரிட் வேண்டாங்க

பழைய இசைத்தட்டு எதுவானாலும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும் என்று மேலே ஒரு அண்ணன் சொல்லியிருக்காருங்க. நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். கேசட் ரெக்கார்டரின் ஹெட்டுக்கு அந்த முறை சரி. ஆனால் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டுக்கு அது ஆகாதுங்க.

1948-ல் வந்த எல்பி (நீண்ட நேரம் ஓடும்) தட்டு வினைல் என்ற பிளாஸ்டிக். அதற்கு முந்தைய 78 தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். கோபியில் எங்க தாத்தா வைத்திருந்த தட்டு ஒன்றை நானே அப்படித் துடைத்தேன். பஞ்சு கருகருவென்று வந்தது. அழுக்குன்னு நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வந்தது தட்டேதான். அந்த இடத்தில் பளபளப்பு போய், இப்போது பாட்டுக்குப் பதில் இரைச்சல்தான் கேட்குது.

நீங்களே பார்க்கலாம். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஆசாரியிடம் கேளுங்க. அவலரக்கை (அவல் போல் செதிலாக இருக்கும் அரக்கு) ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் பாலிஷ் கலக்குவார். வீட்டில் உடைந்த 78 தட்டு இருந்தால், அந்தத் துண்டில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தாலே தெரிந்துவிடும். லேபிளில் 78 என்று இருந்தாலோ, தட்டு கனமாக, வளையாமல் இருந்தாலோ அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்க.

வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, மென்மையான பிரஷால் வரிப்பள்ளம் போகும் வாக்கில் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்க. லேபிள் நனையக் கூடாது.