ஒத்தை சிகரெட் விற்கும் நாட்டில் இ-சிகரெட் தடை

2025 டிசம்பரில் மக்களவையில் ஓர் எம்.பி. எழுந்து, அவைக்குள்ளேயே இன்னோர் எம்.பி. இ-சிகரெட் பிடிக்கிறார் என்று சபாநாயகரிடம் புகார் சொன்னார். நிக்கோட்டின் கலந்த திரவத்தை பேட்டரியால் சூடாக்கி ஆவியாக இழுக்கிற கருவி அது, வேப் என்றும் சொல்வார்கள். புகார் உண்மையா பொய்யா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அந்தப் பொருளை நாடு முழுக்கத் தடை செய்த சட்டத்தை 2019இல் நிறைவேற்றிய அவைகளில் ஒன்று அது. அங்கேயே இப்படி ஒரு புகார் கிளம்ப முடியும் என்றால், கல்லூரி விடுதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

சட்டத்தில் கடுமைக்குக் குறைச்சல் இல்லை. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டு, ஐந்து லட்சம். இருப்பு வைத்திருந்தாலே ஆறு மாதம். தமிழ்நாடு இதில் மத்திய அரசுக்கும் முன்னோடி. 2018 செப்டம்பரிலேயே இங்கே தடை வந்துவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் என்னை வேப் கம்பெனி ஏஜென்ட் ஆக்கிவிடுவீர்கள். 2019இல் அரசுக்கு வந்த பயம் நியாயமானது. அமெரிக்காவில் அந்த வருடம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் இ-சிகரெட் பிடித்தார்கள். ஜூல் என்ற ஒரு நிறுவனம் பென் டிரைவ் மாதிரி ஒரு கருவியைச் செய்து, மாம்பழச் சுவை, புதினாச் சுவை என்று போட்டு, ஒரு மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் நிக்கோட்டினை அதில் அடைத்து விற்றது. பிரிட்டனில் சட்டப்படி உச்சவரம்பு 20 மில்லிகிராம்தான். ஜூல் விற்றதோ, தொண்டை எரியாமல் அவ்வளவையும் உள்ளே இழுக்க வைக்கிற உப்பு வடிவ நிக்கோட்டின். பதினைந்து வயதுப் பிள்ளை சிக்கிக்கொள்ள அது போதும். அதே ஜூல் அப்போது இந்தியாவுக்குள் வரத் தயாராகிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினார்கள். சரி.

ஆனால் சாத்திய கதவு எது, திறந்தே கிடக்கிற கதவு எது என்பதுதான் என் கேள்வி.

2019 செப்டம்பர் 18 அன்று நிர்மலா சீதாராமன் இந்தத் தடைக்கான அவசரச் சட்டத்தை அறிவித்தார். அன்றைக்கே பங்குச் சந்தையில் ஐடிசி போன்ற சிகரெட் நிறுவனங்களின் பங்கு விலை ஏறியது. ஐடிசியில் எல்ஐசிக்குப் பெரிய பங்கு உண்டு. மத்திய அரசின் இன்னோர் அமைப்பும் அப்போது அதில் எட்டு சதவீதத்தை ஒட்டிப் பங்கு வைத்திருந்தது. இதை வைத்துச் சதி என்று நான் சொல்ல மாட்டேன். சதியே தேவையில்லை. புதிதாக வருகிற பொருளைத் தடை செய்தால் யாருக்கும் நோகாது. நூறு வருடமாகப் புழங்குகிற பொருளைத் தொட்டால் வரி வருமானம், ஓட்டு, வேலைவாய்ப்பு எல்லாம் கூடவே ஆடும். அரசியல்வாதிகள் சுலபமான வழியில் போனார்கள், அவ்வளவுதான்.

2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறக்குறைய 27 கோடிப் பேர் ஏதாவதொரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். அதில் புகைப்பவர்கள் சுமார் பத்துக் கோடி. இ-சிகரெட் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டவர்களே அப்போது மூன்று சதவீதம்தான். அந்த மூன்று சதவீதத்துக்கு முழுத் தடை. பத்துக் கோடிக்குப் பெட்டிக்கடை.

அந்தப் பெட்டிக்கடையைக் கொஞ்சம் கவனியுங்கள். சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்று 2016 முதல் விதி. புகையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் 2018 முதல் பாக்கெட்டில் அச்சிடுகிறார்கள். இரண்டும் நல்ல ஏற்பாடு. ஆனால் நம் ஊரில் பாக்கெட் வாங்குகிறவர் எத்தனை பேர்? டீக்கடையில் "ஒரு கிங்ஸ்" என்று கை நீட்டினால் ஒத்தை சிகரெட் வருகிறது. பக்கத்திலேயே லைட்டர் தொங்குகிறது. படமும் தொலைபேசி எண்ணும் கடைக்காரரின் டப்பாவுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. வரியை ஏற்றினாலும் ஒன்றுக்குச் சில ரூபாய்தான் கூடும், பாக்கெட் விலை மாதிரி உறைக்காது. முதல் தம் அடிக்க வருகிற ப்ளஸ் டூ பையன் பாக்கெட் வாங்கப் பணம் சேர்ப்பதில்லை, ஒன்றுதான் வாங்குகிறான். பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, பள்ளிக்கு நூறு கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்றெல்லாம் 2003ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. வயது கேட்டு ஆதார் பார்த்த கடை ஒன்றை நீங்கள் பார்த்திருந்தால் முகவரி கொடுங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

தடையை ஆதரிக்கிற மருத்துவர்கள் இந்த இடத்தில்தான் நல்ல கேள்வி ஒன்று கேட்பார்கள். சிகரெட்டுக்கே வயது பார்க்க முடியாத அரசு, இ-சிகரெட்டை அனுமதித்துவிட்டு அதற்கு மட்டும் ஒழுங்காக வயது பார்க்குமா? இ-சிகரெட்டைக் கொடுத்து சிகரெட்டை விடவைக்கும் பிரிட்டன் வழி இங்கே நடக்குமா? இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், அதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. ஆனால் அதே கையாலாகாத்தனம் தடையையும்தானே கெடுக்கிறது? 2013இல் தமிழ்நாட்டில் குட்காவைத் தடை செய்தார்கள். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். தடை செய்த சரக்கு தடையில்லாமல் விற்க லஞ்சம் போனது என்று வழக்கு வந்து, 2018 செப்டம்பரில் அப்போதைய அமைச்சர் வீட்டிலேயே சிபிஐ சோதனை போட்டது. ஆம், இ-சிகரெட்டுக்கு இங்கே தடை வந்த அதே செப்டம்பர்.

தடை போட்டவுடன் இன்னொன்றும் நடக்கிறது. அந்தப் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வேலையே அரசுக்கு இல்லாமல் போகிறது. நிக்கோட்டின் எவ்வளவு, திரவத்தில் வேறு என்ன கலந்திருக்கிறது, பேட்டரி வெடிக்குமா, கேட்க ஆளில்லை. சிங்கப்பூரைப் பாருங்கள். இந்தியாவைவிடப் பத்து மடங்கு கண்டிப்பான ஊர். அங்கே வேப் கையில் வைத்திருந்தாலே குற்றம். அப்படியும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்த வேப், 'கேபாட்' என்ற பெயரில் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் அந்த மருந்தைப் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. அவ்வளவு சின்ன ஊருக்கே இந்தப் பாடு. ஆஸ்திரேலியா மருந்துக்கடையில் மட்டும் விற்கலாம் என்று வைத்துப் பார்த்தது. கள்ளச் சந்தை அங்கேயும் ஓயவில்லை.

பிரிட்டன் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. புகைக்கிறவர்களுக்கு அரசே வேப் கொடுத்து சிகரெட்டை விடச் சொன்ன நாடு அது. பலன் கிடைத்தது என்பதற்குச் சான்றும் உண்டு. நிக்கோட்டின் கம், ஒட்டுப்பட்டை ஆகியவற்றைவிட இ-சிகரெட்டால் புகையை விட்டவர்கள் அதிகம் என்று, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு சொல்கிறது. ஆனால் வண்ண வண்ணமாக வந்த, தீர்ந்ததும் தூக்கியெறிகிற டிஸ்போசபிள் வேப்கள் பள்ளிப் பைகளுக்குள் புகுந்த பிறகு, 2025 ஜூனில் அவற்றை மட்டும் தடை செய்தார்கள். எது பெரியவர்களுக்கு உதவுகிறது, எது பிள்ளைகளைப் பிடிக்கிறது என்று பிரித்துப் பார்த்து அதன்படி விதியை மாற்றுகிறார்கள். நான் கேட்கும் கட்டுப்பாடு இதுதான். கேடு எவ்வளவோ அதற்கேற்ற கண்டிப்பு. நம் நாட்டில் தலைகீழ். எரிந்து தார் கக்குகிற பொருள் தெருமுனையில் கிடைக்கும். எரியாத பொருளுக்குச் சிறை. எரியாதது நல்லது என்று நான் சொல்லவில்லை, நுரையீரலுக்குள் காற்றைத் தவிர எதை இழுத்தாலும் வம்புதான். ஆனால் இரண்டும் ஒரே அளவு வம்பு இல்லை.

பீடியைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதத்தை முடிப்பது நேர்மையில்லை. அதே கணக்கெடுப்பில் சிகரெட் பிடிப்பவர்கள் நான்கு சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம். ஏழைகளின் நுரையீரலைத் தின்பது பீடிதான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் அதன் மீதான வரியை 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைக்க முடிவெடுத்தது. தொழிலாளர்களுக்காக என்றார்கள். நெல்லை, தென்காசி மாவட்டங்களில் முக்கூடல், கடையம், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் போனால் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் வரி குறைந்தால் லாபம் முதலில் கம்பெனிக்குத்தான் போகும், கூலி தானாக ஏறாது. அந்தப் பெண்களுக்கு வேறு தொழில் ஏற்படுத்தித் தருவது கஷ்டமான, பல வருட வேலை. இ-சிகரெட்டைத் தடை செய்ய ஒரே ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு போதுமாக இருந்தது.

இ-சிகரெட் தடையை நாளைக்கே நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. முதலில் ஒத்தை சிகரெட் விற்பனையை நிறுத்துங்கள். மகாராஷ்டிரா 2020இலேயே தடை உத்தரவு போட்டது. புகையிலை விற்கிற கடைக்குத் தனி உரிமம் வையுங்கள், பிள்ளைகளுக்கு விற்றால் உரிமத்தைப் பிடுங்குங்கள். பெட்டிக்கடைக்காரர் பிழைப்பு போகும் என்பீர்கள். கொஞ்சம் அடிபடும், உண்மை. அப்புறம், முப்பது வருடமாகப் புகைத்து, கம் மென்று பார்த்தும் விட முடியாத ஆளுக்கு, அரசு மருத்துவமனை மருத்துவர் மேற்பார்வையில் நிக்கோட்டின் அளவு தெரிந்த இ-சிகரெட்டைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று ஒரு சோதனை முயற்சியாவது நடத்துங்கள். மருந்துச் சட்டப்படி உரிமம் வாங்கிய பொருளைத் தவிர வேறெதற்கும் இன்றைய இ-சிகரெட் தடைச் சட்டத்தில் இடமில்லை. அந்தச் சட்டத்தில் முதலில் திருத்த வேண்டிய இடம் அதுதான். இதைப் படிக்கும் நுரையீரல் மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் காரணத்தைக் கீழே எழுதுங்கள்.