பள்ளிச் சுவரில் நம் பனைமரம் எங்கே?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வர்ணம் பூசப் போகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் (பி.டி.ஏ.) கூட்டத்தில் ஓவியர் கைபேசியில் மாதிரிப் படங்களைக் காட்டினார். கதகளி முகம், படகுப் போட்டி, காயலில் மிதக்கும் படகுவீடு. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கதகளி இருக்கட்டும், அந்தக் கலையைப் போற்றி வளர்த்த வெள்ளிநேழி நம் பாலக்காடு மாவட்டம்தான். ஆனால் படகுவீடு ஏன்? சித்தூர் வட்டத்தின் கிழக்கோரம் மழை குறைந்த நாடு. கரிசல் மண், பனைமரம், பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து சுழற்றியடிக்கும் காற்று. தமிழ் வழியில் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் விடியற்காலையில் தூக்குவாளியோடு பால் சொசைட்டி வரிசையில் நின்றுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அந்த வரிசை சுவரில் ஏறக் கூடாதா?

2021-இல் தொடங்கிய 'அபாட் எலிமென்டரி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை விரும்பிப் பார்ப்பவன் நான். பிலடெல்பியாவில் ஓர் அரசுப் பள்ளி, அதில் கைக்காசைச் செலவழித்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள். பள்ளிச் சுவர் ஓவியமும் அதில் ஒரு கதையாக வருகிறது. அந்த நகரத்துக்கு அது கற்பனை இல்லை. சுவர்க் கிறுக்கல்களைத் தடுக்க நகர நிர்வாகம் எடுத்த முயற்சியில் 1984-இல் ஜேன் கோல்டன் என்ற ஓவியர் சேர்ந்தார். கிறுக்கிய இளைஞர்கள் கையிலேயே தூரிகையைக் கொடுத்தார். இன்று வரை அங்கே 4,000-க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் உருவாகியிருக்கின்றன. என்ன வரைவது என்று தெருக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

அவர்கள் முறை எனக்கு மிகவும் பிடித்தது. படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மெல்லிய துணியில் கோடு போட்டு, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று எண் எழுதிவிடுகிறார்கள். குழந்தைகளும் முதியவர்களும் உட்கார்ந்த இடத்திலேயே வர்ணம் தீட்டுகிறார்கள். பிறகு துணியைச் சுவரில் பசைபோட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சாரத்தில் ஏற வேண்டியதில்லை. நம் வகுப்பறைத் தரையில் துணியை விரித்தால் பாட்டிமார்கூட வந்து ஒரு பனையோலைக்குப் பச்சை தீட்டிவிட்டுப் போகலாம்.

அத்தனை தூரம் போக முடியாவிட்டாலும் பிள்ளைகளிடம் கேட்கவாவது செய்யலாம். ஓவியருக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள், அதில் அவர்கள் வரைவதிலிருந்து சுவருக்கான படத்தைத் தேர்ந்தெடுப்போம் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப் போகிறேன். பெற்றோர்கள் தவறாமல் வாருங்கள்.