சீமைக் கருவை வெட்டு: யாருக்காக, எந்த அளவுக்கு?

சீமைக் கருவேலம் பற்றிச் சண்டை வந்தால் எல்லோரும் தாவரவியல்தான் பேசுவார்கள். கொஞ்ச நேரம் கேட்டால் தெரியும், அவரவர் பேசுவது அந்த நிலத்தில் தனக்கு என்ன வேண்டும் என்பதை.

ராமநாதபுரத்துச் சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, அது கண்மாயை அடைத்து நிற்கும் முள். ஆடு மேய்ப்பவருக்கு, புல் காய்ந்த கோடையில் கிடைக்கும் இனிப்பு நெத்து (முற்றிய காய்). விறகைக் கரியாக்க மூட்டம் போடுகிறவருக்கு, தண்ணீரும் உரமும் கேட்காமல் நாலைந்து வருடத்தில் மறுபடி வெட்டுக்கு வரும் பயிர். (குஜராத்தின் கச்சில் அதன் பெயர் 'காண்டோ பாவள்', பைத்தியக் கருவேலம்!) காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்திக்கு ஆதாரம் இல்லை. ஆழமாக வேர்விட்டு, அடியில் வேறெதையும் எளிதில் வளரவிடாது என்பதே போதுமான குற்றச்சாட்டு.

2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. இடைப்பட்ட அவசரத்தில் ஜேசிபி நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்த ஊர்கள் உண்டு. நாரை கூடு கட்டும் மரம் அது. பார்த்தாலே பிரித்துவிடலாம்: நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோர்த்தமாதிரி இடுங்கி இடுங்கிச் சாம்பல் பூத்திருக்கும். சீமையின் பூ விரல்போல நீளம், நெத்து வைக்கோல் நிறம்.

வெட்டும் முறையிலேயே வெட்டுகிறவரின் நோக்கம் தெரிந்துவிடும். மூட்டக்காரர் தரையை ஒட்டி அறுப்பார். மண்ணுக்குக் கீழே தூரில், அதாவது அடிக்கட்டையில், மொட்டுகள் இருக்கின்றன. ஒரு கிளை இருந்த இடத்தில் ஐந்தாறு தழைக்கும். அவருக்கு அது லாபம், சம்சாரிக்கு நட்டம். ஒழிக்க நினைப்பவர் குறைந்தது ஒரு அடி தோண்டித் தூரோடு எடுக்கவேண்டும். அதோடும் முடியாது. சாணத்திலும் புழுக்கையிலும் வந்த விதை மண்ணில் பல வருடம் கிடக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும், ஈரம் காய்வதற்குள், சாண் உயரக் கன்றுகளைக் கையால் பிடுங்கவேண்டும். தாமதித்தால் கடப்பாரை வேண்டியிருக்கும். பிடுங்கிவிட்டுத் தரிசாகவே போட்டால் முன்னைவிட அடர்த்தியாக வரும்.

எங்கோ வேலை பார்க்கும் பட்டாக்காரர் இதையெல்லாம் செய்யப்போவதில்லை. அவர் நிலத்தை மூட்டக்காரருக்கே விடட்டும், தவறில்லை. விதைக்கப்போகிற சம்சாரி மட்டும் மரத்தை விற்கும்போதே 'தூரோடு' என்று பேசி, தூர்க்கட்டையையும் சேர்த்து விலை சொல்லட்டும். தூரும் கரியாகும்.