சிக்கரிக்குத் திட்டு, காசினிக்குக் கும்பிடு

எங்க தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு காப்பித்தூள் கடை இருக்கு. கொட்டை வறுக்கிற வாசனை காலையில தெருமுனை வரைக்கும் வரும். போன சனிக்கிழமை எனக்கு முன்னாடி நின்னவர், "சிக்கரி ஒரு பொட்டுகூட போடாதீங்கண்ணே, அது கலப்படம்"னு நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். கடைக்கார அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்து நான். வழக்கம்போல காப்பி எண்பதுக்குச் சிக்கரி இருபது. டின் மூடியைத் திறந்து, கட்டி தட்டிப்போயிருந்த சிக்கரியைக் கரண்டி முனையால குத்தி உடைச்சுத் தராசுல போட்டார். கொஞ்சம் காத்து பட்டாலே ஈரத்தை இழுத்துக்கும் அது. தொட்ட விரல்ல பிசுபிசுன்னு ஒட்டும்.

அன்னிக்குச் சாயந்திரமே பக்கத்து வீட்டு அக்கா ஒரு டப்பாவோட வந்தாங்க. "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லேன், எழுத்து பொடியா இருக்கு." காசினிக் கீரைப் பொடி. அவங்க வீட்டுக்காரருக்குக் கிரியாட்டினின் (கிட்னி தளர்ந்தா ரத்தத்துல தேங்குற கழிவு) ஏறியிருக்கு. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நம்பி, பாரிமுனைப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில வாங்கியிருக்காங்க. "கிட்னியைக் கழுவி விட்ருமாம்டா." டப்பாவைத் திருப்பினா, அடியில தாவரப் பேர்: சிக்கோரியம் இன்டிபஸ்.

நம்ம சிக்கரியேதாங்க! சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, நீலப் பூ பூக்கும். வேரை வறுத்து அரைச்சா சிக்கரி, இலையைக் காயவச்சுப் பொடிச்சா காசினி. யுனானியில காஸ்னின்னு கல்லீரலுக்குக் கொடுக்கிறது இதைத்தான். காலையில கலப்படம்னு திட்டு வாங்கின செடி, சாயந்திரம் டப்பாவுக்குள்ள சாமியா உட்கார்ந்திருக்கு.

முதல்ல திட்டுக்கு வரேன். ஐரோப்பாவில நெப்போலியன் காலத்துல, 1806-க்குப் பிறகு, கப்பல் வழி அடைபட்டுக் காப்பிக்கொட்டை கிடைக்காமப் போனப்ப இந்த வேர்தான் கை கொடுத்துச்சு. இங்க நமக்கு அது ருசிக்கே பழகிப்போச்சு. திக்காஷன் கெட்டியா, கறுப்பா இறங்கணும்னா கொஞ்சம் சிக்கரி வேணும். காப்பி-சிக்கரிக் கலவைன்னு விக்கிறதுல காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எவ்வளவுன்னு பாக்கெட் மேலே போடணும். சட்டமே அனுமதிச்ச பொருள் அது. சொல்லிட்டுப் போட்டா கலவை, சொல்லாமப் போட்டாத்தான் கலப்படம். சந்தேகமா இருந்தா ஒரு கண்ணாடி டம்ளர்ல பச்சைத் தண்ணி எடுத்து, மேலாக ஒரு சிட்டிகை தூள் தூவுங்க. காப்பி மிதக்கும். சிக்கரி சில நொடியில பழுப்புக் கோடா இழுத்துக்கிட்டுக் கீழே இறங்கும். 'சுத்தக் காப்பி'ன்னு விக்கிற பாக்கெட்ல அந்தக் கோடு தெரிஞ்சா சண்டைக்குப் போங்க, நானும் வரேன்.

இப்ப கும்பிடு. இதுலதான் எனக்கு வயித்தெரிச்சல்.

ஆராய்ச்சி இல்லாம இல்லை. வேர்ல இனுலின்னு ஒரு நார்ப்பொருள் நிறைய இருக்கு. (இன்சுலின் இல்லைங்க. இந்த ஒரு எழுத்துக் குழப்பத்துல எத்தனை சுகர்காரங்க ஏமாந்தாங்களோ.) நம்ம குடல் அதைச் செரிக்காது. பெருங்குடல் வரைக்கும் அப்படியே போய் அங்க இருக்கிற நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடாகும். 2015-ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆதாரங்களைப் பார்த்து ஒத்துக்கிட்டது இவ்வளவுதான்: சிக்கரி இனுலின் ஒரு நாளைக்கு 12 கிராம் எடுத்தா மலம் ஒழுங்காப் போகும். கிட்னி அந்தப் பேச்சுலயே இல்லை.

அதைக் கேட்டுட்டு, அப்ப காப்பியே மருந்துன்னு கிளம்பிடாதீங்க. ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் தூள்னு வச்சா, எண்பதுக்கு இருபதுல சிக்கரி ரெண்டு கிராம். அதுலயும் வறுக்கும்போது இனுலின்ல ஒரு பங்கு உடைஞ்சு சர்க்கரையாகிக் கருகுது. அந்தக் கறுப்பும் கேரமல் வாசனையும் அங்கிருந்துதான் வருது. வறுக்கிறதுல அக்ரிலமைடுன்னு ஒரு வேண்டாத பொருளும் உருவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017 விதியில அதுக்கு வச்ச அளவுகோல், வறுத்த காப்பிக்குக் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், சிக்கரிக்கு 4000. பயந்து ஃபில்டரைத் தூக்கிப் போடச் சொல்லல. பாதிக்குப் பாதி போட்டு நாளைக்கு ஆறு டம்ளர் குடிக்கிறவங்க யோசிக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆட்டுக் கதை. நியூசிலாந்துல 1980-களிலேயே 'பூனா'ன்னு ஒரு சிக்கரி ரகத்தை மேய்ச்சலுக்குன்னே கொண்டுவந்தாங்க (பேர் மட்டும்தான் பூனா, நம்ம ஊருக்குச் சம்பந்தமில்லை). ஆணிவேர் ஆழமா இறங்கும், வெயில் காலத்துலயும் பச்சையா நிக்கும். அதை மேய்ஞ்ச செம்மறிக் குட்டிகளுக்கு வயித்துப் புழுத் தொல்லை குறையுதுன்னு பல ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. இலையோட கசப்புக்குக் காரணமான லாக்டூசின் வகைப் பொருட்கள்தான் காரணமா இருக்கும்னு நினைக்கிறாங்க. வியாசர்பாடியில சினிமா போஸ்டரை உரிச்சுத் தின்கிற ஆடுகளுக்கு யாராவது ஒரு கட்டு வாங்கிப் போடலாம்.

மனுசங்களுக்கு வருவோம். கல்லீரலைக் காக்கும்கிறதுக்கு இருக்கிற ஆய்வுகள்ல பெரும்பாலும் எலிகள்தான். விஷத்தைக் கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்து, கூடவே காசினிச் சாறும் கொடுத்துப் பார்க்கிறது. நல்ல தொடக்கம். ஆனா எலிக்குக் கல்லீரல்ல நடந்ததை வச்சு மனுசனுக்குக் கிட்னியில நடக்கும்னு டப்பா மேல அச்சடிக்கிறது என்ன நியாயம்? 100 கிராம் பச்சைக் காசினிக் கீரையில பொட்டாசியம் சுமார் 400 மில்லிகிராம். காயவச்சுப் பொடிச்சா தண்ணிதான் போகும், பொட்டாசியம் போகாது. சிறுநீரகம் தளர்ந்தவங்களுக்கு டாக்டர்கள் பல நேரம் அளந்து சாப்பிடச் சொல்றதுல பொட்டாசியமும் ஒண்ணு. அது ரத்தத்துல ஏறினா இதயத் துடிப்பையே புரட்டிப் போடும். இதை டப்பாவுல எங்கேயும் போடல. நான் ரெண்டு தடவை தேடினேன்.

அக்காகிட்ட இதைச் சொன்னேன். "கீரைதானேடா, கீரை என்ன பண்ணும்?"னாங்க. அந்த டம்ளர் வித்தையைக் காட்டினேன், காப்பிச் சிக்கரியும் இதுவும் ஒரே செடிதான்னேன். "அய்யய்ய, அந்தக் கலப்படமா இது?"ன்னு டப்பாவை டக்குன்னு கீழே வச்சிட்டாங்க. பொட்டாசியத்துக்கு அசையாதவங்க சிக்கரிங்கிற பேருக்கு அசைஞ்சாங்க. புதன்கிழமை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் டப்பாவையும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறாங்க. அதுவரைக்கும் டப்பா எங்க வீட்டு அலமாரியில, என் காப்பித்தூள் பக்கத்துலயே இருக்கு.